மஞ்சத்துணியில் முடிந்த காலணா

போன மாசம் எனக்குப் பிரிவு உபசாரம் நடத்தினார்கள். மாலை போட்டார்கள். டிப்போ மேனேஜர் சின்ன வயசுக்காரர். நல்ல மனசு. "இனி நீங்க நல்லா ரெஸ்ட் எடுக்கோணுங்க" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் மட்டும் ரெஸ்ட் என்ற வார்த்தையைக் கேட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஏன் என்பது பின்னால் வரும்.

டீ குடிக்கும்போது ஒரு கண்டக்டர் தம்பி பத்துப் பைசா ஒன்றைக் காட்டினார். ஒரு பக்கம் எழுத்தே இல்லை. மொழுக்கென்று இருந்தது.

"அச்சுல தப்புப் போல இருக்குதுங்க. விலைக்குப் போகுங்களா?"

"போகும்."

"உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?"

"ஒண்ணு வித்திருக்கறேன்."

எல்லாரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் பேசுகிற ஆள் இல்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். தொழிற்சங்க மலரில் போடுவார்களாம். நான் படித்தது மூணாங் கிளாஸ். தப்பிருந்தால் திருத்திக்கொள்ளவும்.

வேலைக்குச் சேர்ந்தது முப்பதுகளில். அப்போது தனியார் பஸ். கோயம்புத்தூரில் இருந்து துடியலூர், காரமடை வழியாக மேட்டுப்பாளையம் போகும். கிளீனராகச் சேர்ந்தேன். பஸ் கழுவினேன். பிறகு கண்டக்டர் ஆனேன். பழகின கதை அவ்வளவுதான்.

காசு வாங்க ஒரு முறை இருந்தது. ரூபாய் என்றால் அப்போது வெள்ளி. வாங்கினதும் படிக்கட்டு இரும்புத் தகட்டில் போட வேண்டும். நல்ல ரூபாய் மணி மாதிரி பேசும். ஈய ரூபாய் பலகையைத் தட்டின மாதிரி கிடக்கும். ஆனால் மோட்டார் ஓடும்போது ஒன்றும் கேட்காது. அதனால் யாராவது ரூபாயை நீட்டினால் டிரைவர் அங்கப்பன் மோட்டாரை நிறுத்துவார். பஸ்ஸில் எல்லாரும் பேச்சை நிறுத்துவார்கள். நான் போடுவேன். "நல்லதுதானுங்க" என்று மொத்த பஸ்ஸும் சொல்லும். பிறகு அங்கப்பன் இறங்கி முன்னால் போய்க் கம்பியைச் சுற்ற வேண்டும். மோட்டார் கிளம்பாவிட்டால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். ரூபாய் கொடுத்தவரை எல்லாரும் ஒரு பார்வை பார்ப்பார்கள். இதற்குப் பயந்தே அந்த லைனில் சில்லறையாகக் கொண்டு வருவார்கள்.

காலணாவை மட்டும் நாங்கள் பார்ப்பதில்லை. செம்புக் காசு. அதில் கள்ளக்காசு அடித்தால் அடித்தவனுக்குத்தான் நஷ்டம்.

எங்கள் மேனேஜர் பெரிய மனுசர். பேர் எழுத வேண்டாம். வெள்ளை வேட்டி, கோட்டு, சங்கிலி போட்ட வாட்ச். குரலை உசத்தி யாரும் கேட்டதில்லை. ஷெட்டுக்குள் நாய் வந்தால்கூட "அக்கட்டால போங்க" என்பார். பஸ் ஒன்றுகூட அவர் கையில் நேரம் தவறிக் கிளம்பியதில்லை. யாரையாவது வேலையை விட்டு நீக்குவதானால் கூப்பிட்டு உட்கார வைப்பார். "ரொம்ப இளைச்சுப் போயிட்டீங்க. கொஞ்ச நாளைக்கு ஊட்டுல ரெஸ்ட் எடுங்களே" என்பார். அவ்வளவுதான். சீட்டு கிழிந்தது.

கருப்பண்ணன் என்று ஒரு கண்டக்டர். அவருக்கு இது புரியவில்லை. கும்பிட்டுவிட்டு ஊருக்குப் போனார். ஊர்த் திருவிழா, எங்கள் பேச்சில் நோம்பி, முடிந்து ஒரு பை நிலக்கடலையோடு வந்தார். "உடம்பு தேறிப்போச்சுங்க. நான் எந்த பஸ்ஸுங்க?" மேனேஜர் கடலையை வாங்கிக்கொண்டார். காபி வரவழைத்தார். "இன்னும் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்றார். கருப்பண்ணன் மறுபடியும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

எனக்குப் புரியும். அதுதான் கஷ்டம்.

என் ஊர் துடியலூர் ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி. விடியால முதல் பஸ்ஸுக்கு நடந்தே ஷெட்டுக்கு வர வேண்டும். ஒரு நாள் ஓடைப் பள்ளத்தில் தண்ணீர் வந்து லேட். இன்னொரு நாள் வரப்பில் ஒரு காளை நின்றது. நானும் நின்றேன். அதுவும் லேட். மேனேஜர் கூப்பிட்டார். உட்கார வைத்தார்.

"தம்பி, முகம் வாடியிருக்குதுங்களே. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா ரெஸ்ட் எடுக்க வேண்டி வந்துருமுங்க."

சைக்கிள் ஒன்று இருந்தால் பிழைத்தேன். பட்டறையில் ஒரு பழைய வண்டி நின்றது. பதினஞ்சு ரூபாய் சொன்னார்கள். என்னிடம் அந்தப் பணம் இல்லை.

அப்போதுதான் அந்தக் காசு வந்தது.

பொழுதோட, வேலை முடிந்ததும், பையை மேனேஜர் மேசையில் கொட்டுவோம். அவர் காசை அடுக்குகிற முறை தனி. ராஜா முகம் மேலே இருக்க வேண்டும். எல்லா ராஜாவும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். "ஆளுக்கொரு பக்கம் பாத்தா மரியாதையா இருக்காதுங்க" என்பார். அன்றைக்கு ஒரு காலணாவை வைத்தார். எடுத்தார். திருப்பினார். மறுபடியும் வைத்தார்.

"தம்பி, இவரு ஏனுங்க அந்தப் பக்கம் பாக்கறாரு?"

பார்த்தேன். ஒரு பக்கம் ராஜா முகம் எப்போதும் போல மேடாக இருந்தது. எழுத்தும் வருஷமும் இருக்க வேண்டிய மறு பக்கத்திலும் ராஜா முகம்தான். ஆனால் குழியாக, களிமண்ணில் அமுக்கின மாதிரி. அதில் ராஜா எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை அடுக்க முடியாதுங்க. நீங்களே வெச்சுக்குங்க" என்றார். என் சொந்தக் காலணா ஒன்றை வைத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டேன்.

அங்கப்பனிடம் காட்டினேன். சொந்தம் இல்லாவிட்டாலும் என்னை மாப்ளே என்றுதான் கூப்பிடுவார். அவர் ஸ்டியரிங்கைத் தட்டினார். "மாப்ளே, போத்தனூர்ல ஒரு ரயில்வே தொரை இருக்கறாரு. பச்சைக்கொடி காட்டற கார்டு வேலை. கோணக்காசு, ஓட்டைக்காசுன்னு கண்டதெல்லாம் காசு குடுத்து வாங்கறாராம். உன்ற சைக்கிளு வந்து சேந்துச்சு போ."

வீட்டுக்கு வந்து என் சம்சாரம் ராமாத்தாளிடம் சொன்னேன். காசை அவள் கையில் கொடுத்தேன். தப்பு அங்கேதான்.

காலையில் கேட்டேன். "காசு எங்கே?"

"முடிஞ்சு வெச்சிருக்கறனுங்க." விளக்குப் பக்கத்தில் மஞ்சத்துணி முடிச்சு ஒன்று தொங்கியது. "நல்ல விலைக்குப் போகோணும்னு காரமடை ரங்கநாதருக்கு வேண்டிக்கிட்டனுங்க."

"எந்தக் காசை முடிஞ்சே?"

"அந்தக் காசைத்தானுங்க."

"ஊட்டுல வேற காசு இல்லியா?"

"மாட்டுக்கு நோவு வந்தா அந்த மாட்டுக் கொம்புலதானுங்க முடியறோம். பக்கத்து ஊட்டு மாட்டுக் கொம்புலயா முடியறோம்?"

முடிச்சை அண்ணாந்து பார்த்தேன். 

"என்னன்னு வேண்டினே?"

"நல்ல விலைக்குப் போச்சுன்னா இந்தக் காசை உண்டியல்ல போடறேன்னு."

"வித்துப்போட்டா அப்புறம் எப்படி உண்டியல்ல போடறது?"

"அதை ரங்கநாதர் பாத்துக்குவாருங்க."

"சரி, அவுத்துக் குடு. தொரைகிட்டக் காட்டிட்டு மறுபடியும் முடிஞ்சுக்கலாம்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத வராது. எங்கள் பக்கம் சாமிக்கு முடிந்ததைச் சாமி முன்னால்தான் அவிழ்ப்பார்கள். நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். அவளும் கிளம்பிவிட்டாள். முடிச்சை அவளே பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு எனக்கு லீவு.

போத்தனூரில் துரை வீட்டு வாசலில் பூந்தொட்டி நிறைய இருந்தது. பனியனோடு ஒருத்தர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர்தான் துரை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர். நம்ம பேச்சுத்தான் பேசுவார்.

"வாங்க, உக்காருங்க. அம்மணி, தண்ணி குடிக்கறீங்களா?"

காசைப் பற்றிச் சொன்னேன். அவர் கையில் இருந்த குவளையைக் கீழே வைத்தார். பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்து வந்தார். "காட்டுங்க, காட்டுங்க."

ராமாத்தாள் முடிச்சை நீட்டினாள்.

"அவுருங்க."

"அவுக்கக் கூடாதுங்க. சாமிக்கு முடிஞ்சது."

"அவுக்காம எப்படிங்க பாக்கறது?"

"தொட்டுப் பாருங்க. உள்ளாறதான் இருக்குது."

துரை என்னைப் பார்த்தார். நான் பூந்தொட்டியைப் பார்த்தேன்.

துரை கோபிக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும். உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னார். காசு அடிக்கிற எந்திரத்தில் முதலில் அடித்த காசு சில சமயம் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த காசு அதன் மேல் போய் அடிபட்டால் ராஜா முகம் குழியாகப் பதியும். அது அபூர்வம். ஆனால் திருட்டுப் பட்டறையில் இரண்டு காசைச் சேர்த்து வைத்து நசுக்கினாலும் குழி விழும். அது பத்துக் காசு பெறாது. எப்படித் தெரியும் என்றால், நசுக்கினதில் மேட்டுப் பக்கத்து ராஜாவுக்கு மூக்கு சப்பையாகிப் போயிருக்கும்.

"அதனால எனக்கு மூக்கைப் பாக்கோணுமுங்க அம்மணி."

"துணிக்கு மேலயே பாத்துக்குங்க."

துரை கொஞ்ச நேரம் மோவாயைச் சொறிந்தார். உள்ளே போய்ப் பென்சில் கொண்டு வந்தார். "பென்சில் படலாமுங்களா?" ராமாத்தாள் யோசித்தாள். "படலாமுங்க" என்றாள்.

துணியைக் காசு மேல் இழுத்துப் பிடித்து, பென்சிலைப் படுக்க வைத்து, மெதுவாகத் தேய்த்தார். மூன்று பேரும் மூச்சு விடவில்லை. மஞ்சத்துணியில் கருப்பாக ஒரு காது வந்தது. தாடி வந்தது. கிரீடம் வந்தது. கடைசியில் மூக்கு வந்தது. நல்ல நீட்டு மூக்கு.

"நசுங்கலை!" என்று துரை எழுந்து நின்றுவிட்டார்.

திருப்பிப் பிடித்துத் தேய்த்தார். இந்தப் பக்கம் சுற்றிலும் கருப்பு. நடுவில் ராஜா மஞ்சளாகவே இருந்தார். எதிர்ப்பக்கம் பார்த்தார்.

"அசலுங்க. இருபத்தஞ்சு ரூபா தாரேன்."

எனக்குச் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது.

ராமாத்தாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "துணியில கட்டறதுக்கு முந்தி புளி போட்டு நல்லாத் துலக்கித்தானுங்க கட்டினேன். உள்ள பளபளன்னு இருக்கும்."

துரை உட்கார்ந்துவிட்டார். "புளியா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "புளியா?" என்றார். பழங்காசைத் துலக்கினால் மதிப்புக் குறையுமாம். "இருபதுங்க" என்றார்.

"சரிங்க" என்றேன் நான்.

ராமாத்தாள் எழுந்து முந்தானையை உதறினாள். முடிச்சை மடியில் செருகிக்கொண்டாள். "வாங்க போலாம்."

"எங்கே?"

"காரமடைக்கு. நல்ல விலைக்குப் போயிருச்சல்லோ. வேண்டுதலு நடந்துபோச்சு. உண்டியல்ல போட்டுட்டு வந்துரலாம்."

"அம்மணி, நான் இன்னும் காசே குடுக்கலீங்களே" என்றார் துரை.

"விலை சொன்னீங்கல்லங்க. அது போதும்."

"உண்டியல்ல போட்டுட்டீங்கன்னா எனக்கு என்னங்க?"

"உங்களுக்குத் தண்ணி குடுத்த புண்ணியமுங்க."

அவள் நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். துரை பனியன் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு என் பின்னால் நடந்தார். ரயிலில் கோயம்புத்தூர் வரைக்கும் கெஞ்சிக்கொண்டே வந்தார். வேறு காலணாவை முடிந்து போடலாம் என்றார். வெள்ளி ரூபாயே போடலாம் என்றார். ராமாத்தாள் சன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

பஸ் நிற்கிற இடத்தில் அங்கப்பன் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். பஸ் நிறைய ஆள். மேனேஜர் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். துரையைப் பார்த்து, அவர் செருப்பைப் பார்த்து, "ஏனுங்க, எதாச்சும் அவசரமுங்களா?" என்றார்.

துரை எல்லாம் சொன்னார். ராமாத்தாளும் சொன்னாள். 

பஸ்ஸுக்குள் இருந்து தலைகள் வெளியே வந்தன. ஒரு தலைப்பாக்காரர், "வித்தாத்தான் வேண்டுதலு. வித்துப்போட்டா பொருளு அவங்களுது இல்லை. அப்புறம் எப்படிப் போடறது?" என்றார். முட்டைக் கூடையோடு இருந்த அம்மா, "சாமிகிட்டப் போயி வெவகாரம் பேசுவீங்களா? போடுன்னா போடோணும்" என்றார். இன்னொருத்தர் காசைப் பாதியாக வெட்டச் சொன்னார். துரை காதைப் பொத்திக்கொண்டார். அங்கப்பன் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து நின்றார். "என்ற மாப்ளைக்குச் சைக்கிளு இல்லாட்டி வேலை போயிருமுங்க" என்று மேனேஜரிடமே சொன்னார். மேனேஜர் இருமினார்.

"அம்மணி, உங்கப்பன் ஊட்டுல மாடு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"கொம்புல மஞ்சத்துணி முடிஞ்ச மாட்டைச் சந்தையில வித்தா, வேண்டுதலை ஆரு செலுத்தறதுங்க?"

ராமாத்தாள் யோசித்தாள். "வாங்கினவங்கதானுங்க. மாட்டோட வேண்டுதலும் போயிரும்."

"அப்ப காசோடவும் போயிருமுங்க. தொரை வாங்கட்டும். தொரையே கொண்டு போயிச் சாமிக்குப் போடட்டும்."

"நல்ல தீர்ப்பு" என்றார் தலைப்பாக்காரர்.

"நான் இருபது ரூபா குடுத்து உண்டியல்ல போடறதுக்கா வாங்கறேன்?" என்றார் துரை. அழுகிற குரல்.

மேனேஜர் கையைத் தூக்கினார். "அம்மணி, என்னிக்குப் போடறேன்னு நாள் சொல்லி வேண்டினீங்களா?"

"நாள் சொல்லலீங்க."

"அப்ப அது தொரையோட சௌகரியமுங்க."

துரை முகத்தில் வெளிச்சம் வந்தது. "நான் வெச்சுக்கலாமுங்களா?"

"போடற வரைக்கும் வெச்சுக்கலாமுங்க."

"அவுத்துப் பாக்கலாமுங்களா?"

மொத்த பஸ்ஸும் "கூடாதுங்க!" என்றது.

துரை பணம் கொடுத்தார். ராமாத்தாள் முடிச்சை இரண்டு கையாலும் எடுத்து அவரிடம் கொடுத்தாள். மேனேஜர் அப்போதுதான் வாட்சைப் பார்த்தார். முகம் வெளுத்துப் போனது. அன்றைக்கு அந்த பஸ் லேட்.

சாயங்காலமே சைக்கிள் வாங்கினேன். மீதிக்கு ராமாத்தாள் ஆட்டுக்குட்டி வாங்கினாள். அதன் கழுத்தில் மஞ்சத்துணி கட்டினாள். நான் ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் விடியால சைக்கிளோடு கிளம்பினேன். எனக்குச் சைக்கிள் விடத் தெரியாது. அதை அதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை. நானும் நினைக்கவில்லை. தள்ளிக்கொண்டே போனேன். பள்ளத்தில் தூக்கிக்கொண்டு இறங்கினேன். நடந்து போகிற நாளைவிட ரொம்ப லேட்.

மேனேஜர் வாசலில் நின்றார். சைக்கிளைப் பார்த்தார். என் வேட்டியில் இருந்த சேற்றைப் பார்த்தார். "உக்காருங்க தம்பி" என்றார். தொலைந்தது என்று உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நேத்து பஸ்ஸு லேட்டு, என்னால. இன்னிக்கு நீங்க லேட்டு. ரெண்டும் சரியாப் போச்சுங்க."

அன்று பொழுதோட ஷெட்டில் என்னைச் சைக்கிளில் ஏற்றினார்கள். அங்கப்பன் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினார். மேனேஜர் கோட்டைக் கழற்றாமல் பக்கத்திலேயே ஓடினார். "விழுங்க தம்பி, பயப்படாம விழுங்க, விழுந்தாத்தானுங்க வரும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். விழுந்தேன். வந்தது. அதற்குப் பிறகு நான் லேட்டாகப் போனதில்லை.

துரை அந்தக் காசைப் போடவில்லை. அவிழ்க்கவும் இல்லை. வருஷக்கணக்கில் கண்ணாடி அலமாரியில் மஞ்சத்துணி முடிச்சாகவே வைத்திருந்தார். காசு சேர்க்கிற வேறு துரைமார் வந்தால் எடுத்துக் கையில் கொடுப்பாராம். அவர்கள் அவிழ்க்கப் போனால் பிடுங்கிக்கொள்வாராம். "தொட்டுப் பாருங்க. உள்ளாறதான் இருக்குது" என்பாராம்.

ராமாத்தாள் நோம்பி நோம்பிக்குக் கேட்பாள். "தொரை போட்டாருங்களா?"

"இல்லை."

"நாள் சொல்லாம விட்டது தப்புத்தானுங்க" என்பாள்.

ஜெர்மனிச் சண்டை வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருஷம். ஒரு நாள் துரை என் பஸ்ஸில் ஏறினார். தலை நரைத்திருந்தது. வடக்கே எங்கேயோ மாற்றல். மறுநாள் ரயில். "காரமடைக்குப் போறனுங்க. அம்மணியைக் கூட்டிக்கலாமுங்களா?" என்றார். துடியலூரில் ஆள் விட்டுச் சொன்னேன். அங்கப்பன் பஸ்ஸை நிறுத்திக் காத்திருந்தார். ராமாத்தாள் ஓடி வந்து ஏறினாள்.

காரமடையில் அங்கப்பன் பஸ்ஸை நிறுத்தி வைக்க, மூன்று பேரும் இறங்கினோம். கோயிலுக்கு உள்ளே துரை வரவில்லை. வாசலில் இருந்த உண்டியல் முன்னால் நின்றார். கோட்டுப் பையில் இருந்து முடிச்சை எடுத்தார். பென்சில் ராஜா எப்போதோ அழிந்து போயிருந்தார். துணி வெளுத்திருந்தது. முடிச்சு இறுகிப் போய் அவிழவில்லை. ராமாத்தாள் பல்லால் கடித்து அவிழ்த்துக் கொடுத்தாள்.

துரை காசைக் கையில் வைத்துப் பார்த்தார். முதல் தடவை பார்க்கிறார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். மறுபடியும் இந்தப் பக்கம். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். "தொரை, நகருங்க" என்று யாரோ சொன்னார்கள்.

"அவரு பாக்கட்டுமுங்க" என்றாள் ராமாத்தாள். "நல்லாப் பாத்துக்குங்க தொரை. அவசரமில்லீங்க."

கடைசியில், "நல்ல மூக்குங்க" என்றார். போட்டுவிட்டார். மற்ற காசு விழுகிற சத்தம்தான் அதற்கும் வந்தது.

மஞ்சத்துணியை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அதே பஸ் திரும்பி வரும்போது டிக்கெட்டுக்குத் துரை சில்லறை கொடுத்தார். அதில் ஒரு காலணா இருந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். துரையும் எட்டிப் பார்த்தார். ராமாத்தாளும் எட்டிப் பார்த்தாள். அங்கப்பன் மோட்டாரை நிறுத்தினார்.

ஒரு பக்கம் ராஜா. மறு பக்கம் எழுத்து. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பையில் போட்டுக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். மோட்டார் கிளம்பவில்லை. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். துரையும் தள்ளினார்.